ஓட்டுநரின் பங்கு

எட்டு நாற்பதுக்குக் கிளம்ப வேண்டிய வண்டி
ஒன்பதைத் தொட்டுவிட்டது.
வின்னிபெக்கிலிருந்து வந்த அண்ணன் தம்பிகளில் ஒருவர்
விடுதியில் தொப்பியை மறந்துவிட்டார்.
மழைக்கு முன்பதிவு தேவையில்லை,
முதல் ஆளாக வந்து கண்ணாடியில் உட்கார்ந்துகொண்டது.

காலை வணக்கம். என் பெயர் இஷ்பெல் ராட்ரே.
ஓட்டுவதும் நான், பேசுவதும் நான்.
இடப்பக்கம் இருப்பவர்கள் பார்ப்பது ஆடு.
வலப்பக்கம் இருப்பவர்கள் கவலைப்பட வேண்டாம், அங்கேயும் ஆடு.
பதினாறு பேரும் சிரிக்கிறார்கள்.
பதினோரு வருஷமாகச் சிரிக்கிறார்கள்,
அதே பாலத்துக்குச் சற்று முன்னால்.

டன்வாரிக் கோட்டை.
படிக்கட்டு வலஞ்சுழித்து ஏறும்,
மேலே நிற்பவன் வாள் வீச வாகாக
என்று எனக்குச் சொன்னார்கள், நானும் சொல்கிறேன்.
முப்பத்தேழாம் படியில் ஒரு கறை,
பழுப்பு, உள்ளங்கை அகலம்.

முதல் வருஷம், ஒரு மார்ச் மாதம்,
எதைச் சொன்னாலும் கொட்டாவி விட்ட ஒரு கூட்டத்தின் முன்
வாய் சும்மா இருக்காமல் சொல்லிவிட்டேன்:
மார்ஸலி என்றொரு சமையற்காரி.
முற்றுகையின் நாற்பதாம் நாள்,
பானையில் மிஞ்சிய கடைசிக் கஞ்சியை
மேலே காவல் நின்ற காதலனுக்குக் கொண்டுபோகையில்
சாளரம் வழி வந்த அம்பில் சரிந்தாள்.
கஞ்சி சிந்தவில்லை.

கொட்டாவிகள் பாதியில் நின்றன.

அது துரு.
கைப்பிடிக் கம்பி பதித்தவர்கள் விட்டுப்போன துரு.

இன்று எங்களுக்கு முன்னால் வேறொரு கம்பெனியின் கூட்டம்.
மஞ்சள் குடை பிடித்த பையன், லக்லன் என்று சட்டையில் பெயர்,
முப்பத்தேழாம் படியில் நின்று குரலைத் தாழ்த்துகிறான்.
மார்ஸலி என்கிறான்.
நாற்பதாம் நாள் என்கிறான்.
மேலே நின்றவன் அவள் தம்பி என்கிறான்.
என் வண்டியில் வந்த உட்ரெக்ட்காரப் பெண்மணி
கைக்குட்டையைத் தேடுகிறார்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் நான்.
தொண்டை வரை வந்தது.
வந்தது 'பொய்' என்ற வார்த்தை இல்லை:
'தம்பி இல்லையடா, காதலன்.'

மடாலயத்தில் நான் பேசுவதில்லை.
டிக்கெட் விலையில் அதுவும் சேர்த்தி.
கூரை போய் நானூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது,
இருந்தும் உள்ளே நுழைந்ததும் எல்லோரும் குரலைக் குறைக்கிறார்கள்,
மேலே எதுவோ எதிரொலித்துவிடும் என்பதுபோல்.
ஒசாகாவின் பல் மருத்துவர்
வாய் பிளந்த கல்பூதத்தை அண்ணாந்து பார்த்து
'மேல்வரிசை பரவாயில்லை' என்றார்.
காகங்கள் மட்டும்
யாரிடமும் அனுமதி கேட்காமல் கத்தின.

மூன்று மணிக்கு வடிசாலை.
செம்புப் பானைகள், அன்னக் கழுத்துகள், ஈர பார்லியின் மணம்.
கிடங்கைச் சுற்றிய மரங்களெல்லாம்
கரி பூசியதுபோல் கறுத்திருக்கும்.
பீப்பாயிலிருந்து கசியும் ஆவியைக் குடித்து வளரும் பூஞ்சை அது.
வருஷத்துக்கு நூற்றில் இரண்டு பங்கு இப்படிக் காற்றோடு போகிறது,
தேவதைகளின் பங்கு என்பார்கள்.
போனது போக மிஞ்சியதுதான் விலை ஏறும்.

எல்லோரும் முகர்ந்து, உறிஞ்சி, கண் மூடி
புகை, தேன், ஈரக் கம்பளி என்று அடுக்க
எனக்குத் தேநீர்.
புறப்படும்போது ஒரு குட்டிப் புட்டி,
'ஓட்டுநருக்கு' என்று சீட்டு ஒட்டி.
வீட்டுச் சமையலறை அலமாரியில்
இருநூற்றுச் சொச்சம் நிற்கின்றன, ஒன்றும் திறக்காமல்.
மூடியை இறுக்கித்தான் வைத்திருக்கிறேன்,
இருந்தும் பழையவற்றில்
மட்டம் ஒரு விரற்கடை இறங்கியிருக்கிறது.

திரும்பும் வழியில் பதினைந்து பேர் தூங்கினார்கள்.
தொப்பிக்காரர் மட்டும் முன்னால் சாய்ந்து,
புகையும் தேனும் கலந்த மூச்சில் கேட்டார்:
'அந்தச் சமையற்காரி... நிஜமா?'

துடைப்பான் இரண்டு முறை போய் வந்தது.
பாலம் வந்தது. இரு பக்கமும் ஆடு.

'தம்பியா காதலனா, அதில் தகராறு உண்டு' என்றேன்.
'கஞ்சி சிந்தவில்லை.
அது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும்.'